மயிலாப்பூர் மரம்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

துவரம்பருப்பு ஆறு மூட்டை இறங்கியது. ஒன்றில் எலி வாய் வைத்திருந்தது, அப்படியே திருப்பி அனுப்பினேன். ஆடி முடியப் போகிறது, இன்னும் வெயில் சித்திரை மாதிரிதான்.

காலையில் மாநகராட்சிப் பூங்காத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். மிக்ஜாம் புயலில் நம் கடை வாசலில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையைப் போன வாரம்தான் பெயர்த்தெடுத்தார்கள். அந்த இடத்தையும் சேர்த்து, ரோட்டோரமாக வரிசையாக நாலு குழி வெட்டித் தருவார்களாம். நாலு கன்றும் தருவார்களாம். எந்த மரம் என்று தெருக்காரர்களே கூடிப் பேசி எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவது எங்கள் பாடு. அடுத்த ஜூனில் வந்து பார்ப்பார்கள். நாலு குழியிலும் உயிருள்ள மரம் நின்றால் சரி. ஒன்று பட்டுப்போனாலும் மொத்தத்தையும் மூடிக் கல் பதித்துவிடுவார்களாம். விட்டுவிட்டுக் கல் பதிக்க முடியாது என்றார்.

கல் பதித்தால் அங்கே யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? கண்டெய்னர் லாரிதான் நிற்கும். லாரி நின்றால் சொக்கம்மாள் எங்கே உட்காருவாள்? இருபத்திரண்டு வருஷமாக என் கடைச் சுவருக்கும் அந்த மரத்துக்கும் நடுவில்தான் மீன் கூடை வைத்திருக்கிறாள். மரம் இருந்த காலத்தில் மதியம் ஒரு மணி வரை உட்கார்ந்து கூடையைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இப்போது பத்தரைக்கே வெயில் அவளை விரட்டிவிடுகிறது. ஐஸ் கரைந்து, மீன் கண் வெளுத்து, மிஞ்சினதை உப்புப் போட்டுக் கருவாடாக்குகிறாள். அதனால் தினமும் என்னிடம் கல்லுப்பு. கருவாடு விற்பது அவளுக்குப் பிடிக்காது. மானக்கேடு என்பாள். மார்க்கெட்டுக்கே போய்விடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் நான் காதில் வாங்காதது மாதிரி பருப்பு அளந்துகொண்டிருந்தேன்.

அவள் போனால் பகல் முழுக்க நான் யாரோடு பேசுவது? எங்க வீட்டுக்காரரோடா? கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் பேசியதை ஒரு பொட்டலத்தில் மடித்துவிடலாம்.

பாரத்தில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் 'ராமசெல்வி, செல்வி ஸ்டோர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

எந்த மரம் என்று பேசக் கடை வாசலில் கூட்டம் போட்டேன். பதினாலு பேர் வந்தார்கள், பதினேழு யோசனை சொன்னார்கள்.

மாடி வீட்டு ஷெர்லின் டீச்சருக்குச் சரக்கொன்றை வேண்டுமாம், மஞ்சளாகத் தொங்கினால் அழகாம். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெயில் கொளுத்துகிற மாதத்தில் அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பூவாக நிற்கும். போட்டோ எடுக்கலாம், கீழே உட்கார முடியாது என்றேன். வேம்பு என்றார் ஒருவர். பாதாம் என்றார் இன்னொருவர். அந்தப் பெரிய இலை போய் மழைநீர்க் கால்வாயை அடைத்தால் யார் இறங்கி எடுப்பது?

எதிர்வீட்டு மதார் சாகிப் பாய் பூவரசுதான் என்று ஒரே பிடியாக நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உப்புக்காற்று, புயல், லாரிப் புகை எல்லாவற்றையும் அது தாங்கும், வருஷம் முழுக்க இலை இருக்கும், கன்றே வேண்டாம், கிளையை வெட்டி நட்டாலே போதும் என்றார். பூவரசில் கம்பளிப்பூச்சி வரும், என் அரிசி மூட்டையில் விழும், அவர் வந்து பொறுக்குவாரா என்று கேட்டேன். சிரித்துவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் மகிழம் என்று நான்தான் முடிவு பண்ணினேன். வடிவுடையம்மன் கோயிலின் மரம் அதுதான். திருவொற்றியூரில் இருந்துகொண்டு வேறு மரம் வைப்பார்களா? எப்போதும் பச்சை, அடர்ந்த நிழல், வாசனைப் பூ. நாலும் மகிழம் என்று எழுதிவிட்டேன். பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சொக்கம்மாளைக் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நிழல் அவளுக்குத்தானே.

3 செப்டம்பர், செவ்வாய்

கோயிலுக்குப் போய்விட்டு மகிழமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்து வந்து இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஓரம் லேசாக அலை அலையாக நெளிந்திருக்கிறது. கொம்பில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறி மாறி வருகிறது. இனி யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

9 செப்டம்பர், திங்கள்

கன்று வந்துவிட்டது! நெஞ்சு உயரம், நாலும். நட்டு, மூங்கில் கட்டி, பச்சை வலை சுற்றினார்கள். மூலையில் சொக்கம்மாள் பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சாக்பீஸால் எண் போட்டேன். சொக்கம்மாள் முதல் கன்றுக்குப் பக்கத்தில் கூடையை நகர்த்திவைத்துக்கொண்டு, "இன்னா அண்ணாச்சியம்மா, இது எனக்கு நெழல் குடுக்கறதுக்குள்ள நான் இதுக்குக் குடை புடிக்கணும் போல" என்றாள்.

10 செப்டம்பர், செவ்வாய்

முதல் கன்று மகிழம் இல்லை.

27 செப்டம்பர், வெள்ளி

இன்னும் முதல் கன்றைப் பற்றித்தான். மற்ற மூன்றும் இந்த நோட்டில் இருக்கும் இலையோடு ஒத்துப்போகின்றன. இது ஒத்துப்போகவில்லை. இலை தடிப்பு, எண்ணெய் தடவிய பளபளப்பு, இரண்டு இரண்டாக எதிரும் புதிருமாக வருகிறது. நடு நரம்பிலிருந்து ஓரம் வரை தலைமுடி இழை போல நெருக்கமாகக் கோடுகள். ஒரு இலையைக் கிள்ளினேன், பால் கசிந்தது.

பாய் வந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பாதாமாக இருக்கும் என்றார். அவருக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் சிவந்திக்குப் போட்டோ அனுப்பினேன். செல்போனில் மரம் கண்டுபிடிக்கிற ஏதோ ஒன்று இருக்கிறதாம். முதல் தடவை ரப்பர் மரம் என்றது. இரண்டாவது தடவை மங்குஸ்தான். மூன்றாவது தடவை வேறு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது. என் கடையில் சர்க்கரை கேட்டு வந்தவருக்கு மூன்று தடவை மூன்று சாமான் கொடுத்தால் விடுவார்களா?

பூங்காத் துறைக்குப் போன் பண்ணி மாற்றித் தரச் சொன்னேன். மழைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பேர் தெரியாத ஒன்றுக்கு நான் ஏன் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று கோபமாக வந்தது. சொக்கம்மாள் சொன்னாள்: "பேர் தெரியாட்டி இன்னா, நட்டாச்சு. எனக்குப் பக்கத்துல கீது, நான் பாத்துக்கறேன் போ."

16 அக்டோபர், புதன்

கடைக்குள் கணுக்கால் தண்ணீர். மூட்டையெல்லாம் பலகை மேல் ஏற்றியாச்சு. நாலு கன்றும் குளித்துவிட்டு நிற்கின்றன.

30 நவம்பர், சனி

புயல். கடை திறக்கவில்லை. ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்தேன். நாலும் இருக்கின்றன.

21 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கலுக்குப் பிறகு மழையில்லை. இனி ஊற்ற வேண்டியதுதான். மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அதில் வீட்டுக்குப் போக இரண்டு குடம்கூட மிஞ்சுவதில்லை. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மீன் கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவோம், எப்படித் தழைக்கும் தெரியுமா! இங்கே வாசலிலேயே மீன்காரியை வைத்துக்கொண்டு நான் தண்ணீருக்கு அலைகிறேனே. இனி தினமும் நாலு கன்றுக்கும் மீன் தண்ணீரை ஊற்றச் சொக்கம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். கருவாட்டுத் தொட்டித் தண்ணீரும் ஊற்றலாமா என்று கேட்டாள். எல்லாம் மீன் தண்ணீர்தானே, ஊற்று என்றேன். ஒரே கல்லில் தண்ணீரும் ஆச்சு, உரமும் ஆச்சு. இந்த மூளைக்கு என்னை எங்கேயோ உட்கார வைத்திருக்க வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மூன்றாவது கன்றில் இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது. வெயில்தான் போல.

23 பிப்ரவரி, ஞாயிறு

காரணம் வெயில் இல்லை. இரண்டு, மூன்று, நாலு – மூன்று மகிழத்திலும் அதே மாதிரி. ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே ஏறுகிறது. பேர் தெரியாதது மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி மினுமினுவென்று நிற்கிறது, புதுக் கொழுந்து வேறு விட்டிருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நேற்றுச் சொக்கம்மாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கன்றாக ஊற்றியதைப் பார்த்தேன். முழங்கால் வலியோடு குனிந்து, இலையில் படாமல், வேரில் மட்டும். தன் பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி. இது பட்டுப்போனால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

5 மார்ச், புதன்

கண்டுபிடித்துவிட்டேன். மண் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. தெருமுனையில் இருக்கிற லாரி ஷெட்டிலிருந்துதான் வருகிறது. சிமெண்ட்டோ சாம்பலோ, அதை ஏற்றிக்கொண்டு மூடாமல் போகிறான்கள். நாம் இருமிச் சாகிறது போதாதென்று மரமும் சாக வேண்டுமா?

மனு எழுதினேன். நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினேன். பாயையும் அழைத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பாய்க்கு முழு சம்மதம் இல்லை. சாம்பல் என்றால் இலை மேலும் இருக்க வேண்டுமே, இலை சுத்தமாக இருக்கிறதே என்றார். லாரிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று கேட்டேன்.

பூங்காத் துறைக்காரரும் அங்கே இருந்தார். காரணம் யாராக இருந்தாலும் ஜூன் 12 அன்று வந்து எண்ணுவேன், நாலு உயிர் இருக்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னார்.

23 மார்ச், ஞாயிறு

வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம், மயிலாப்பூரில். போன இடத்தில் கபாலீசுவரரைப் பார்த்துவிடலாம் என்று போனேன். பிரகாரத்தில் சுற்றிவரும்போது ஒரு மரம். நான் சாமியைக்கூட அப்படி நின்று பார்த்திருக்க மாட்டேன்.

அதே இலை! தடிப்பு, பளபளப்பு, எதிரும் புதிரும், இழை இழையாகக் கோடு. போர்டு வைத்திருக்கிறார்கள்: புன்னை. தல விருட்சம்.

ஆக, ஆறு மாதமாக என் கடை வாசலில் நிற்பது மயிலாப்பூர்க்காரர்களின் மரம். திருவொற்றியூர் மரம் மூன்றும் கருகிக்கொண்டிருக்க, இது மட்டும் கொழுத்துப் போய் நிற்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அர்ச்சகர் தானாகவே சொன்னார், புன்னை கடற்கரை மரம், உப்புத் தண்ணீரே பட்டாலும் தாங்கும் என்று. கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சொக்கம்மாள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "அட! நம்ப தெருவுக்கு மைலாப்பூரு சம்மந்தமா" என்றாள்.

8 ஏப்ரல், செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

நாலாவது கன்று மொட்டையாகிவிட்டது. மனுவுக்குப் பதிலே இல்லை. சரி, அந்த வெள்ளைப் பொடியையே சாட்சியாக எடுத்துக்கொண்டு போவோம் என்று காலையில் குழியில் குனிந்து, ஒரு கரண்டியால் சுரண்டிப் பேப்பரில் கொட்டிப் பொட்டலம் மடித்தேன். மடித்த கைதானே, விரலில் ஒட்டியதைப் பழக்கத்தில் நாக்கில் வைத்துவிட்டேன். கடையில் புதுச் சரக்கு வந்தால் அப்படித்தான் பார்ப்பேன்.

உப்பு.

சாம்பல் இல்லை, சிமெண்ட் இல்லை. உப்பு. கருவாட்டுத் தொட்டி உப்பு. என் கடை உப்பு. தினமும் நானே மூட்டையைப் பிரித்து, நானே அளந்து, நானே அவள் பையில் கொட்டிய கல்லுப்பு. அவள் மீனுக்குப் போட்டாள், அந்தத் தண்ணீரை நான் சொன்னபடி மரத்துக்கு ஊற்றினாள். வீட்டில் ஒரு வேளை மீன் கழுவின தண்ணீரும், ராத்திரி முழுக்க உப்பில் ஊறின தொட்டித் தண்ணீரும் ஒன்றா? ஐம்பத்தாறு வயசாகுது, பலசரக்குக் கடை வச்சிருக்கேன், உப்பு எது தண்ணி எதுன்னு தெரியாம ஒரு தெருவுக்கே பொறுப்பாளர்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். கூறுகெட்டவ. கூறுகெட்டவ.

ஜனவரி 21-ஐத் திருப்பிப் பார்த்தேன். ஊற்றலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். எல்லாம் மீன் தண்ணீர்தானே என்று நான் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

சொக்கம்மாளிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஏற்கெனவே ஊற்றிவிட்டேன் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

9 ஏப்ரல், புதன்

சொல்லிவிட்டேன்.

கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வெளியே போய், அவள் பக்கத்தில் அந்த வெயிலில் கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். அவளும் விரலால் தொட்டு வாயில் வைத்தாள். குடை இருந்தும் என் மண்டை பிளந்தது. பத்து மணிக்கே அப்படி. இதில்தான் அவள் ஒன்றேகால் வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதை, இரண்டடி தள்ளிக் கடைக்குள் ஃபேனுக்கு அடியில் இருந்துகொண்டு நான் தெரிந்துகொள்ளவே இல்லை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். மார்க்கெட்டுக்கே போகிறேன் என்பாள் என்று நினைத்தேன்.

"சொன்னது நீ, ஊத்தனது நானு, உப்பு உன்னுது, தொட்டி என்னுது" என்றாள். "ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணிக்கீறோம். உக்காந்து பேஜார் பண்ணாத. இன்னா பண்ணலாம், அத்த சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

10 ஏப்ரல், வியாழன்

பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மனுஷன் டீ கொடுத்தார். அவர் மனைவி சபீஹா மட்டும் உள்ளேயிருந்து, அன்றைக்கே இவர் சொன்னாரே என்று சிரித்தார்.

பிறகு லாரி ஷெட்டுக்குப் போனேன். அங்கிருந்த மேனேஜரிடம், மனு கொடுத்தது தப்பு, வாபஸ் வாங்குகிறேன் என்று முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எந்த மனும்மா?" என்றார். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவேயில்லையாம்! நாற்பத்தொரு கையெழுத்து எந்த மேஜையில் தூங்குகிறதோ.

12 ஏப்ரல், சனி

மண்ணை மாற்றினோம். பாய்தான் நின்று செய்ய வைத்தார். குழியின் ஓர மண்ணை முழங்கால் ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் செம்மண் போட்டு, பிறகு வேரில் இருக்கிற உப்பு இறங்கிப் போகும் வரை நல்ல தண்ணீராக ஊற்ற வேண்டும். வீட்டுக்கு இரண்டு குடம் என்று கேட்டேன். இந்தத் தடவை கட்டளை போடவில்லை, கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு குடத்தோடு வந்தார்கள். ஷெர்லின் டீச்சர் நாலு குடம் தூக்கிவந்தார். மூன்றாவது மகிழம் பிழைக்கும் போலிருக்கிறது, அடியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது. இரண்டும் நாலும் போய்விட்டன. பிடுங்கும்போது வேரே இல்லை.

பூங்காத் துறையில் புதுக் கன்று மழைக்காலத்தில்தான் தருவார்களாம். ஜூன் 12-க்கு இரண்டு மாதம். இரண்டு குழி காலி.

13 ஏப்ரல், ஞாயிறு

பாய் காலையிலேயே ராயபுரத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய், வாசலில் நின்ற பூவரசில் இரண்டு கிளை வெட்டி ஆட்டோவில் கொண்டுவந்துவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல், கை மணிக்கட்டுத் தடிமன். இலையெல்லாம் கழித்து, வெறும் கம்பு. போத்து என்கிறார்கள். இரண்டாவது குழியிலும் நாலாவது குழியிலும் நட்டோம். வெட்டின தலை காய்ந்துவிடாமல் இருக்க மேலே சாணி உருண்டை வைத்தார். தொப்பி போட்ட மாதிரி நிற்கின்றன இரண்டும்.

"தங்கச்சி, கம்பளிப்பூச்சி வந்தா என்ன கூப்புடு, நான் வந்து பொறுக்கறேன்" என்றார் பாய். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை இன்றிலிருந்து, இரண்டு மாதம். சொக்கம்மாளுக்குச் சின்னப் படகு மீன் கொஞ்சம்தான் கிடைக்கிறது. ஆனாலும் வந்து உட்காருகிறாள். வியாபாரத்துக்கு இல்லையாம், குச்சிக்குக் காவலாம்.

11 மே, ஞாயிறு

இரண்டாவது குழிப் போத்து துளிர்த்துவிட்டது! ஆறு இடத்தில். சின்னச் சின்ன இதயமாக இலை. கடைக்கு வந்த எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். எண்ணெய் வாங்க வந்தவர் எண்ணெய் வாங்காமலே போய்விட்டார்.

நாலாவது குச்சி அப்படியே நிற்கிறது.

2 ஜூன், திங்கள்

நாலாவது – ஒன்றுமில்லை.

11 ஜூன், புதன்

ஒன்றுமில்லை. நாளைக்கு வருகிறார்கள். ஏதாவது இலையை ஒட்டிவைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

12 ஜூன், வியாழன்

வந்தார். கையில் அட்டை, பேனா. தெருவே வாசலில் நின்றது.

முதல் குழி புன்னை: டிக். என் உயரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது பூவரசு: டிக். மூன்றாவது மகிழம், அடியிலிருந்து புதிதாகக் கிளம்பி ஒரு சாண் இருக்கிறது. குனிந்து பார்த்து, அதற்கும் டிக். நாலாவதுக்கு முன்னால் வந்து நின்றார். சாணித் தொப்பியோடு மொட்டைக் குச்சி.

"இது மரம் இல்லம்மா, கொம்பு" என்றார். பேனா அட்டைக்குப் போனது.

பாய் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் சொக்கம்மாள் எழுந்து வந்தாள், மீன் வெட்டுகிற கத்தியோடு. அந்த ஆள் ஓரடி பின்னால் போனார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குச்சியைப் பிடித்து, செதில் எடுப்பது மாதிரி, கத்தி நுனியால் நகம் அளவுக்குப் பட்டையைச் சீவினாள்.

உள்ளே பச்சை. ஈரப் பச்சை.

"செத்ததா உயிரான்னு பாத்து விக்கறதுதான் சார் என் தொயிலு" என்றாள். "இது உயிரு. எழுதிக்கோ."

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியது. எழுதிக்கொண்டார். நாலு.

போன பிறகு எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தேன். ஜாடியே காலி. வீட்டுக்காரர் ஜாடியைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

29 ஜூன், ஞாயிறு

நாலாவது குச்சியில் இலை. பதினேழு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா, கழுதை!

19 நவம்பர், புதன்

அரிசி மூட்டை மேல் கம்பளிப்பூச்சி ஒன்று. பாயைக் கூப்பிட்டேன். வந்து பொறுக்கிக்கொண்டு போனார்.

6 ஏப்ரல் 2026, திங்கள்

உளுந்து வந்தது. பட்டாணி வரவில்லை. வெயில் நல்ல சூடு.

பகல் பதினொன்றரைக்குச் சரக்கு லிஸ்ட் போட்டேன். சர்க்கரை, ரவை, கடலை மாவு எல்லாம் எழுதிக்கொண்டே வந்து கல்லுப்புக்கு வந்தேன். போன மாதம் வாங்கின மூட்டை பாதிகூடக் குறையவில்லை. எப்போதும் பதினைந்து நாளில் தீர்ந்துபோகும். எலி உப்பைத் தின்னாது, ஈரமும் இல்லை. யார் வாங்காமல் விட்டார்கள் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன்.

சொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். குடை மடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டாவது குழிப் பூவரசு கூரை மாதிரி விரிந்து அவள் தலைக்கு மேல் வந்துவிட்டது, புன்னை நிழல் சின்னதுதான், கூடைக்குச் சரியாக இருந்தது. ஐஸ் இன்னும் கட்டியாக இருந்தது. கூடையில் சங்கரா நாலோ ஐந்தோ. அதையும் ஒரு பெண் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், சொக்கம்மாள் இறங்கி வரவில்லை. அவளுக்கு இப்போது அவசரமில்லை.

"ஏ சொக்கு, உப்பு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள். "மீந்தாத்தானே."

உள்ளே வந்து லிஸ்ட்டில் கல்லுப்பை அடித்துவிட்டேன்.